சம்பந்தி சொன்ன சூடு

அப்பாவைப் பெற்றவருக்குப் பேத்தி வைத்த பெயர் கேக் தாத்தா. அம்மாவைப் பெற்றவருக்கு வைத்த பெயர் தாத்தா. முன்னால் ஒன்றும் கிடையாது. வெறும் தாத்தா.

அந்த வெறும் தாத்தா லேசுப்பட்ட ஆளில்லை. காகித ஆலையில் முப்பத்தைந்து வருஷம் பாய்லர் பிரிவைக் கட்டி ஆண்டவர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் தெருவில் அவருக்குப் பாய்லர் சார் என்றுதான் பெயர். குளிக்க வெந்நீர் வைத்தால் விரலை விட்டுப் பார்க்க மாட்டார். ஆவியைப் பார்த்தே, "நாப்பத்திரெண்டு டிகிரி" என்பார். மனைவி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் இன்னும் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றுவாள்.

சம்பந்தி தையல்காரர். இஞ்சு டேப்பைத் தவிர வேறு கருவி தெரியாதவர் என்பது பாய்லர் சாரின் கணிப்பு. அப்படிப்பட்டவருக்குத்தான் மாப்பிள்ளை போன வருஷம் கன்வெக்‌ஷன் ஓவன் வாங்கிக் கொடுத்தார். பின்சுவரில் ஒரு ஃபேன் சுற்றிச் சூட்டை மூலைமுடுக்கெல்லாம் விரட்டுகிற பெட்டி. மாமனாருக்கு அதே மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது ஒரு டார்ச் லைட்.

பெட்டியிலிருந்து வாராவாரம் கேக்கும் பிஸ்கட்டுமாக வந்துகொண்டே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை எந்தத் தாத்தா வீட்டுக்கு என்று பேத்தியிடம் கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் தையல்காரர் வீட்டுக்குச் செருப்பு மாட்டியிருப்பாள். தொடர்ந்து ஒன்பது ஞாயிறு இப்படியே போனது. பாய்லர் சாருக்கு வயிறு எரிந்தது. எத்தனை டிகிரி என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

அவரும் ஒன்று வாங்கினார். சம்பந்தியுடையதைப் போல இரண்டு மடங்கு. கூடவே வந்த கையேட்டின் மேலுறையைக்கூடக் கிழிக்கவில்லை. அதைப் படித்தால் முப்பத்தைந்து வருஷ சர்வீசுக்கு அவமானம். முதல் கேக் வெளியே கரி, உள்ளே களி. இரண்டாவதும் அதே. பழி முதலில் மின்சாரத்தின் மேல் விழுந்தது, பிறகு மாவின் மேல், கடைசியில் முட்டையிட்ட கோழியின் மேல்.

"கோழிக்கு ஒரு மெமோ குடுத்துடுங்க," என்றாள் மனைவி. "அது பதில் எழுதற வரைக்கும் ஓவனை அணைச்சு வைங்க."

இந்த நிலையில் பேத்தியின் ஏழாவது பிறந்தநாள் நெருங்கியது. இரண்டடுக்குக் கேக், மாமா செய்கிறார் என்று மகள் போனில் சொன்னாள்.

"அப்ப நான்?"

"நீங்க பலூன் ஊதுங்கப்பா. உங்களுக்கு மூச்சு நல்லா வரும்."

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்பது மகள் காதுக்குப் போகும்படியும் பார்த்துக்கொண்டார். கடைசியில் மகள்தான் இறங்கி வந்தாள். "சரிப்பா. கீழடுக்கு மாமா, மேலடுக்கு நீங்க. ஆனா கருகிச்சுன்னா மேல வைக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

மறுநாள் பாய்லர் சார் இரண்டு பஸ் மாறிச் சம்பந்தி வீட்டுக்குப் போய், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். சமையலறையில் தையல்காரர் அப்போதுதான் ஒரு கேக்கை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். மேடு பள்ளம் இல்லை, வெடிப்பு இல்லை, ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே பொன்னிறம். இஸ்திரி போட்டு எடுத்தது போல இருந்தது.

"உங்க மெஷின் சின்னது சம்பந்தி. சின்னதுல எல்லாமே நல்லா வரும். அவ்வளவுதான் விஷயம்," என்றார் பாய்லர் சார்.

"இருக்கும் சம்பந்தி. எனக்கு என்ன தெரியும்? ஃபேன் சுத்தறதால சூடு நாலு பக்கமும் வந்து அடிக்குது இல்லையா, அதனால குறிப்புல நூத்தி எண்பதுன்னு போட்டிருந்தா நான் நூத்தி அறுபதுதான் வைப்பேன். உயரமான பாத்திரம் வேண்டாம், தட்டையா இருக்கணும். சுவத்தை ஒட்டாம நடுவுல வைக்கணும். சட்டைக்குக் கைக்குழியில கொஞ்சம் தாராளமா விடுவோமே, அந்த மாதிரி சுத்தி வரக் காத்துக்கு இடம் விடணும். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே குச்சி விட்டுப் பார்த்துடுவேன். அதுக்கு முன்னாடி கதவைத் திறக்கவே மாட்டேன்."

கேட்காமலே இவ்வளவும் சொன்னார். அதுதான் உதைத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் பாய்லர் சார் யோசித்தார். தொழில் ரகசியத்தை எவனாவது கூப்பிட்டு வைத்துச் சொல்வானா? ஆலையில் தனக்குக் கீழே இருந்தவர்களுக்கு அவர் ஒரு வால்வைக்கூட முழுசாகக் காட்டிக் கொடுத்ததில்லை. ஆக, குறை என்றால் கூட்டு என்று அர்த்தம். தட்டை என்றால் உயரம். திறக்காதே என்றால் அடிக்கடி திற. பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் சம்பந்தியின் சதி முழுவதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

பிறந்தநாள் காலையில் ஓவனில் இருநூறு வைத்தார். இருப்பதிலேயே உயரமான பாத்திரம், பின்சுவரை ஒட்டி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்த்தார். அரை மணியில் புகை வந்தது. வெளியே எடுத்தபோது கேக்குக்கு ஃபேன் பக்கம் ஒரு கறுப்பு முதுகு முளைத்திருந்தது. நடுப்பகுதி குழிந்து தளதளவென்று ஆடியது.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "சம்பந்தி சொன்னபடியா செஞ்சீங்க?"

"அவர் சொன்னதைப் புரிஞ்சுக்கிட்டு செஞ்சேன்."

மதியம், மேலடுக்கை வாங்கிப் போகத் தையல்காரரே வந்துவிட்டார். பாய்லர் சார் மேசைக்கு முன்னால் நின்று முதுகால் மறைத்தார். வாசனையை மறைக்க முதுகு போதவில்லை. தையல்காரர் எட்டிப் பார்த்தார். கத்தி கேட்டார்.

"தப்பா வெட்டின துணியில நாங்க சின்ன சைஸ் சட்டை தைச்சதில்லையா சம்பந்தி?"

கறுப்பைச் சீவினார். ஈரத்தை வழித்துப் போட்டார். தேறிய இரண்டு துண்டுகளை ஒட்டி, சர்க்கரைப் பாகு தடவி, மேலே கிரீமைப் பூசினார். இருபது நிமிஷத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேலடுக்கு எழுந்து நின்றது.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும்," என்றார் கைகழுவியபடி.

பாய்லர் சாருக்கு நன்றி தொண்டை வரைக்கும் வந்தது. கைவேலை போதாதென்று நல்ல மனசும் இந்த ஆளுக்கேவா வாய்க்க வேண்டும் என்ற எரிச்சல் அதை உள்ளே தள்ளிவிட்டது.

சாயங்காலம் பேத்தி முதலில் மேலடுக்கைத்தான் கேட்டாள். "இது நல்லாருக்கு தாத்தா," என்று இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள். வந்தவர்கள் பாய்லர் சாரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எல்லாம் சூட்டைக் கட்டுப்படுத்தறதுலதான் இருக்கு," என்று அவர் தொடங்கினார். "ஆலையில நாங்க..."

தையல்காரர் காகிதத் தட்டோடு ஓரமாக நின்று மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குத்தான் வருவேன்," என்றாள் பேத்தி. "இதே கேக். பெருசா செஞ்சு வைங்க."

இத்தனை வாரமாக அவர் ஏங்கிக் கிடந்த வார்த்தை. கேட்டதும் ஆலை பாதியில் நின்றுவிட்டது.

கைகழுவும் இடத்தில் சம்பந்தியைத் தனியாகப் பிடித்தார். "அன்னிக்கு ஏதோ சொன்னீங்களே சம்பந்தி. அது சரியான்னு ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன்."

"தாராளமா. நான் வேணா சனிக்கிழமை வந்து கூட நிக்கட்டுமா?"

"அதெல்லாம் எதுக்கு? நானே பார்த்துக்குவேன்." இரண்டு அடி போனவர் திரும்பினார். "எத்தனை மணிக்கு வருவீங்க?"

"காலையிலயே வந்துடறேன். அதுக்குள்ள மறந்துடக் கூடாதில்ல," என்று தையல்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு காகிதத் தட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். நூற்று அறுபது. தட்டையான பாத்திரம். நடுவில். கதவைத் திறக்கக் கூடாது.

பாய்லர் சார் தட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

கையெழுத்துமா, என்று நினைத்துக்கொண்டார்.