றொய்சனுக்காக ஒரு மனு

செலீனின் தம்பி றொய்சன் ஐரோப்பிய நாடொன்றில் அகதித் தஞ்சம் கேட்டவன். அங்குள்ள தடுப்பு முகாமில் மூச்சுத் திணறி இறந்தான். அவனுடைய இன்ஹேலரைக் காவலர்கள் பறித்து வைத்திருந்தார்கள். யார்மீதும் குற்றமில்லை என்றது அந்த நாட்டு நீதிமன்றம்.

கனடாவில், அஜின்கோர்ட்டில் பலசரக்குக் கடைக்கு மேலே சட்டத்தரணி ஸ்டெபனியின் அலுவலகம். செலீன் நேரே அங்கே போனாள்.

"ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போவம், பிள்ளை. இண்டைக்கே எழுதுங்கோ."

"இப்ப போனா எடுக்க மாட்டினம், அன்ரி. அந்த நாட்டில இருக்கிற கோர்ட் எல்லாம் முடிச்சிட்டுத்தான் போகலாம். உச்ச நீதிமன்றம் இன்னும் இருக்கு."

"அவனைச் சாகவிட்டவங்களிட்டயே திரும்பப் போய்க் கேக்கவோ?"

"ஓம். ஐ நோ, இட்ஸ் ஹொரிபிள். போன முறை அங்கத்தை லோயர் கவனக்குறைவு எண்டு மட்டும்தான் சொன்னவர். அவன்ர உயிர்வாழும் உரிமையைப் பறிச்சிட்டினம் எண்டு இந்த முறை சொல்லோணும். இல்லாட்டி, அங்க ஏன் சொல்லேல்லை எண்டு ஐரோப்பிய நீதிமன்றம் தள்ளிவிடும்."

செலீன் எழுந்து வெளியே போனாள். கார்த் தரிப்பிடத்தில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். கோபம் ஸ்டெபனி மேல் இல்லை என்று தெரிந்தபோது திரும்பிப் படியேறினாள்.

"சரி. அங்கத்தை லோயருக்குப் போன் அடியுங்கோ."

உச்ச நீதிமன்ற விசாரணை காணொளி வழியாக நடந்தது. அந்த நாட்டுச் சட்டத்தரணி இந்த முறை உயிர்வாழும் உரிமையையும் சொல்லி வாதாடினார். அரசுத் தரப்புச் சட்டத்தரணி, கனடாவில் வாழும் அக்காவுக்கு இதில் நேரடிப் பாதிப்பு இல்லை என்றார்.

"அம்மா செத்தாப்பிறகு அவனை வளத்தவள் நான்!" செலீன் மேசையில் அடித்தாள். "எனக்குப் பாதிப்பில்லையோ? அப்ப ஆருக்கு?"

நீதிபதி அவளுடைய ஒலியை நிறுத்தச் சொன்னார். மேன்முறையீடு தள்ளுபடியானது.

"இனி நாலு மாசத்துக்குள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தில மனுப் போடோணும், அன்ரி."

"நாலு மாசம் என்னத்துக்கு? இந்தக் கிழமையே அனுப்புங்கோ."

அனுப்பினார்கள். அங்கேயும் அரசு அதே வாதத்தைக் கொண்டுவந்தது. வருடங்கள் இழுபட்டன. கடைசியில், அக்காவும் பாதிக்கப்பட்டவள்தான், வழக்கை விசாரணைக்கு ஏற்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது.

ஸ்டெபனி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். செலீன் அவளை மெல்ல விலக்கினாள்.

"விசாரிக்கலாம் எண்டு சொல்லவே இவ்வளவு காலமோ? அவனைச் சாகவிட்டது பிழை எண்டு எப்ப சொல்லுவினம்?"

"அது இனித்தான், அன்ரி."

"அப்ப ஏன் நிக்கிறியள்? இருந்து எழுதுங்கோ."