பின்னு பொருந்தினால் ஓடும்

இல்லாத விரல்கள் இரண்டும் விடிந்ததிலிருந்து குத்திக்கொண்டிருந்தன. குளிர் ஏறினால் அப்படித்தான். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இருந்த இடத்தில் இப்போது வழவழவென்று தோல்தான். வலி மட்டும் பழைய நகக்கண் வரைக்கும் போய்வரும். கையை அக்குளில் செருகிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான் கட்டர். இரும்பு அறுக்கும் கட்டர் மெஷினை ஓட்டியதால் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது அதே கட்டட சைட்டில் துடைப்பம் பிடிக்கிறான். பெயரை யாரும் மாற்றவில்லை.

மனைவி புடவை மடிப்பைச் சரிசெய்தபடியே சொன்னாள்: "அண்ணன் வீட்டு விருந்து. சேஃப்டி சாரும் வர்றாரு. அண்ணனை சூப்பர்வைசரா போடணும்னா அவரு தலையாட்டணுமாம். பழசைக் கிளறி வாயைத் தொறக்காதீங்க."

"தொறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"தொறக்க வேண்டியது என் வாய் இல்ல."

அவள் அண்ணன்தான் சைட் மேஸ்திரி. நடந்தது இவ்வளவுதான். கட்டர் மெஷின் நூற்றுப்பத்து வோல்ட் சாமான். சைட்டில் வருவதோ இருநூற்று முப்பது. நடுவில் வோல்டேஜைப் பாதியாகக் குறைக்கிற கன்வெர்ட்டர் பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு மத்தியானம் அந்தப் பெட்டி புகைந்து செத்துப்போனது. வேறு பெட்டி வரும்வரை காத்திருக்க மேஸ்திரிக்குப் பொறுமை இல்லை. சட்டைப்பையிலிருந்து ஓர் அடாப்டரை எடுத்து நீட்டினார். பின்னின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்டேஜில் ஒரு மயிரளவும் குறைக்காத பிளாஸ்டிக் துண்டு.

"பின்னு பொருந்தினா ஓடும் மாப்ள. புடி."

ஓடியது. பேய் பிடித்த மாதிரி ஓடியது. அறுக்கும் வீல் தாங்காமல் வெடித்தபோது கட்டரின் கையுறை கிழிந்து மண்ணில் விழுந்தது. அதற்குள் இரண்டு விரல்களும் இருந்தன.

விபத்தை விசாரிக்க வந்த கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி சேஃப்டி சாரிடம் மேஸ்திரி கூசாமல் சொன்னார்: "நான் அந்தப் பக்கமே இல்ல சார். இவனா சொருகியிருக்கான்." கட்டர் ஆஸ்பத்திரியில் கண் விழிப்பதற்குள் தப்பு அவன் தலையில் ஏறிவிட்டது. மேஸ்திரியின் பேச்சுக்கு முன்னால் அவன் பேச்சு எடுபடவில்லை. கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள்.

போன வாரம் அதே மேஸ்திரி போன் பண்ணினார். "மாப்ள, பொண்ணு அவ இருக்கிற நாட்டுலேர்ந்து மிக்ஸி அனுப்பியிருக்கா. பின்னு இங்க சேரல. வர்றப்ப ஒரு அடாப்டர் வாங்கிட்டு வந்துரு."

மகள் இருக்கும் நாட்டில் வீடுகளுக்கே நூற்றுப்பத்துதான் என்பது கட்டருக்குத் தெரியும். அடாப்டரை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான். கனமான கன்வெர்ட்டர் பெட்டி ஒன்றையும் வாங்கித் துணிப்பையின் அடியில் வைத்தான்.

விருந்து வீட்டின் சமையலறை மேடையில் மிக்ஸி கல்யாணப் பெண் மாதிரி நின்றது. ஜார் நிறைய மாதுளை முத்து. வெள்ளைச் சட்டை போட்ட மேஸ்திரி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கட்டர் அதைத் தூக்கி அடியில் பார்த்தான். நூற்றுப்பத்து என்றே போட்டிருந்தது. அடாப்டரை மேஸ்திரியின் கையில் கொடுத்தான். பிறகு வாசலில் முண்டிய பிள்ளைகளை விரட்டினான்.

"ஏன் மாமா? நாங்களும் பாக்கறோம்."

"ஜூஸ் கூடத்துக்கே வரும். ஓடு, ஓடு."

மனைவியின் தோளைத் தொட்டுப் பின்னால் நகர்த்தினான். மச்சானை நகரச் சொல்லவில்லை.

"இதுக்குப் பெட்டி எதுவும் வேண்டாமா மச்சான்?"

"பெட்டியாவது கிட்டியாவது! குப்பையோட சேத்து மூளையையும் கூட்டித் தள்ளிட்டியா? பின்னு பொருந்தினா ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். சேஃப்டி சாரும் சிரித்தார்.

"அன்னைக்கு மாதிரியா மச்சான்?"

"அன்னைக்கு மாதிரியேதான்!" மேஸ்திரி அடாப்டரைச் சுவரில் அழுத்தினார். வீல்தான் மோசம் என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அதை அவரே நம்பிவிட்டிருந்தார். "நான் குடுத்த அடாப்டர்ல அன்னைக்கு மெஷின் ஓடலையா? பறந்துச்சு! சொத்தை வீலு வெடிச்சா அதுக்கு நானா பொறுப்பு?"

சேஃப்டி சாரின் சிரிப்பு பாதியில் நின்றது. "நீங்க குடுத்த அடாப்டரா?"

மேஸ்திரியின் விரல் அதற்குள் சுவிட்சை அழுத்திவிட்டது. மிக்ஸி வீறிட்டது. மூடி எகிறி உத்தரத்தில் மோதியது. மாதுளை பீறிட்டு அவர் முகத்திலும் சட்டையிலும் சுவரிலும் அடித்தது. மோட்டார் காயில் கருகும் நாற்றம் எழுந்தது. படாரென்று வீட்டின் மொத்தக் கரண்டும் போனது.

"ஐயோ, ரத்தம்!" என்று மேஸ்திரியின் மனைவி அலறினாள்.

"ரத்தம் இல்லக்கா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

கட்டர் துணிப்பையிலிருந்து பெட்டியை எடுத்து, புகைகிற மிக்ஸிக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தான். "இதையும் கொண்டாந்தேன். நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க."

மேஸ்திரியின் புருவத்திலிருந்து சிவப்பு சொட்டியது. "தெரிஞ்சே சொருக விட்டியாடா?"

"நான் எங்க சொருகினேன்? நான் அந்தப் பக்கமே இல்லையே மச்சான்."

யாரும் சிரிக்கவில்லை. சேஃப்டி சார் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "நாளைக்கு ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க" என்றார். மேஸ்திரி கையைப் பிடித்துச் சாப்பிடச் சொன்னதற்கு, பிடித்த இடத்தில் ஒட்டிய மாதுளைச் சாற்றைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

திரும்பி வரும் வழியில் மனைவி முன்னால் வேகமாக நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றபிறகு கேட்டாள்: "சந்தி சிரிக்க வச்சிட்டீங்க. இப்ப மனசு ஆறிடுச்சா? எல்லாம் தீந்துச்சா?"

அவன் இடது கையை மறுபடி அக்குளில் செருகிக்கொண்டான்.

"சொன்ன பொய்யை அவரு வாயாலயே திருப்பி வாங்கிட்டேன். அது தீந்துச்சு. ரெண்டு விரல் இன்னும் தரணும் உங்க அண்ணன்."