முப்பத்தெட்டு கெரில்லாக்கள்

ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் உங்கள் பூட்டன் என்ன செய்தார் என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னேன். நாலாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுப் பூட்டன்களும் கெரில்லாக்கள்! இந்த லகுனா மாகாணமே துப்பாக்கியோடு மலையேறிவிட்டால் கீழே நெல் அறுத்தது யார்? தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனாலும் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டினேன். காரணம், மறுநாள் என் வகுப்பைப் பார்வையிட வரும் திருமதி பனாலிகன். அவர் போடும் மதிப்பெண்ணில்தான் என் பதவி உயர்வு இருக்கிறது. இரண்டு முறை கைநழுவிப் போயிற்று. அவருக்காக இலையில் சுற்றிய சுமன் என்ற அரிசிப் பலகாரம்கூட வாங்கி வைத்தேன். முப்பத்தொன்பதாவதாக என் தாத்தாவைப் பற்றிய தாளையும் ஒட்டினேன். அவரும் கெரில்லாதான்.

மறுநாள் பாடம் தடங்கலில்லாமல் போனது. கடைசி பெஞ்சில் அந்த அம்மாள் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து மரிவிக் எழுந்தாள்.

"டீச்சர், என் பேப்பரை எடுத்துடலாமா? அது பொய்."

"உக்காரும்மா, அப்புறம் பேசலாம்."

"அம்மா சொல்லச் சொல்ல எழுதினது. எங்க பூட்டன் ஓலைப்பையில ரெண்டு ஓட்டை போட்டு, மூஞ்சி தெரியாம தலையில மாட்டிக்கிட்டு, மாதா கோயில் வாசல்ல நின்னவராம். அவர் யாரைக் கை காட்டினாலும் ஜப்பான்காரன் இழுத்துட்டுப் போயிடுவானாம். நேத்து அம்மாவும் மாமாவும் சண்டை போட்டப்போ கேட்டேன்."

"காட்டிக்கொடுத்தவன் பேத்தி!" என்று கத்தினான் ரென்செல்.

 மரிவிக் உட்காரவில்லை. பாடத்தைத் தொடருங்கள் என்று பனாலிகன் கையை ஆட்டினார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல், ரென்செல்மேல், எல்லோரையும்விட என்மேல்.

"வாயை மூடுடா! உன் பூட்டன் கெரில்லான்னு யார் சொன்னது?"

"அப்பா."

"அப்பாகிட்ட யார் சொன்னாங்க?"

"தெரியல, டீச்சர்."

என் தாளைக் கிழித்தேன். "என் தாத்தா மலைப்பக்கமே போகல. ஜப்பான்காரன் முகாம்ல சோறு வடிச்சார். பயந்துக்கிட்டு. அதான் நிஜம்."

 பிறகு மூலையிலிருந்து ஒரு குரல்: "எங்க பூட்டன் பன்னிக் கொட்டாய்ல ஒளிஞ்சிருந்தார் டீச்சர், மூணு மாசம்!"

வகுப்பே சிரித்தது. வரிசையாகக் கைகள் எழுந்தன. மணி அடித்தபோது சுவரில் ஐந்து கெரில்லாக்கள்தான் மிஞ்சினார்கள். அந்த ஐந்து பேர்மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

பனாலிகன் சுமனைத் தொடவில்லை. 'நோக்கம்: முன்னோரின் வீரத்தை எண்ணிப் பெருமைப்படுதல். நிறைவேறவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாவது முறையும் போயிற்று. சுமனை நானே தின்றேன்.

வாசலில் மரிவிக் நின்றிருந்தாள்.

"டீச்சர், அவர் கை காட்டினவங்க பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

பதினாறு வருஷமாக வரலாறு நடத்துகிறேன். ஒருநாளும் அதை நான் கேட்டதில்லை.

"அந்தக் காலத்துல செத்தவங்க பேரு எழுதின நோட்டு மாதா கோயில்ல இருக்கும். சனிக்கிழமை போய்ப் பாக்கலாம்," என்றேன். "நானும் வரேன்."