போரானுக்கு அடுத்து

"அடுத்து யாரு, பாபா?" என்று கேட்டுவிட்டு, சீமைமாதுளை விதை ஊறிய தண்ணீரை ஒரு கரண்டி அப்பாவின் உதட்டில் விட்டாள் ஆஸர்மி. பாதி உள்ளே போயிற்று. மீதி தாடை வழியே இறங்கித் தலையணையை நனைத்தது.

நுஸ்ரத்துல்லா வாத்தியாரின் விரல் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டியது. "ஷாப்பூர்" என்றார். வெகுநேரம் கழித்து இன்னொரு தட்டு. "ஹொர்மோஸ்த்."

கெர்மான்ஷாவில் முப்பது வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர். இரண்டு வருடமாக ஒவ்வொன்றாக மறந்து போயிற்று. மனைவி செத்தது மறந்தது, கழிப்பறை எந்தப் பக்கம் என்பது மறந்தது, மகளையும் மறந்தார். பழைய ஈரானை ஆண்ட சாசானிய அரசர்கள் மட்டும் ஒருவர் குறையாமல் அந்தத் தலைக்குள் நின்றார்கள். அவர்கள்மேல் ஆஸர்மிக்குத் தீராத கோபம். செத்து ஆயிரத்து நானூறு வருடமானவர்களுக்கு அங்கே இடம் இருந்தது, மூன்று வேளையும் ஊட்டிவிடுகிறவளுக்கு இல்லை.

அவளைக் 'கானூம்' என்றுதான் கூப்பிடுவார், அயல்வீட்டுப் பெண்ணை மரியாதையாகக் கூப்பிடுவதுபோல. "டீ நல்லா இருக்கு, கானூம். பொழுது சாயுது, உங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

"தேட ஆள் இல்லைங்க. நீங்க பாடத்தை ஆரம்பிங்க" என்பாள்.

பாடத்தின் கடைசியில்தான் அவளுக்குக் காரியம். ஆண் வாரிசுகளெல்லாம் வெட்டுப்பட்டுப் போனபின் அரசரின் மகள்கள் இருவர் அடுத்தடுத்துச் சிம்மாசனம் ஏறினார்கள். முதலில் போரான், பிறகு ஆஸர்மிதொக்த். அந்தத் தங்கையின் பெயரைத்தான் மகளுக்கு வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் போரானுக்கு அடுத்து யார் என்று கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். அவர் சொல்வார். அரசியைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சொல்வது அவள் அப்பா, பெயர் அவளுடையது. அது போதுமாக இருந்தது.

தம்பி குபாதுக்கு அந்தக் கவலையே இல்லை. அவன் பெயர் வரிசையில் இரண்டு தடவை வரும்.

இன்றைக்கு ராத்திரி தாண்டாது என்று காலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு முனீர் கானூம் வந்து, அப்பாவின் பாதங்கள் மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்க்கும்படி கட்டிலைத் திருப்பிப் போட உதவினாள். ஆஸர்மி மதியமே பாடத்தைத் தொடங்கினாள். நடுவில் ஒருவரைத் தாண்டிப் போகவும் வழியில்லை. ஒரு பெயரை விட்டாலும் வாத்தியார் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார். மூன்று பஹ்ராம்களைக் கடக்கவே அரைமணி ஆயிற்று. கை சட்டத்திலிருந்து நழுவியபோது அதை எடுத்துத் தன் மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டாள். விரல் அங்கே தட்டியது.

சிறுவயதிலேயே அரசனான அர்தெஷீர் வரைக்கும் பாடம் வந்தபோது குபாத் உள்ளே வந்தான். தெஹ்ரானிலிருந்து ஒரே மூச்சாகக் கார் ஓட்டி வந்தவன், ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"என்னக்கா இது? போற உயிருக்குப் பரீட்சையா வைக்கிற?"

"செத்த இரு குபாத். இன்னும் மூணே பேரு."

"அவருக்கு மூச்சு இழுக்குது, உனக்கு ராஜாவா முக்கியம்? காதுல கலிமா சொல்ல வேண்டிய நேரம்!"

"தம்பி சொல்றது சரிதான், ஆஸர்மி" என்றாள் முனீர் கானூம். "விட்ரும்மா."

"ஷஹ்ர்பராஸ்" என்றார் அப்பா. ஒரு தட்டு. பிறகு காற்றுபோல, "போரான்."

ஆஸர்மி வாயைத் திறந்தாள். அதற்குள் குபாத் குனிந்து அவர் காதில் உரக்கக் கலிமாவைத் தொடங்கிவிட்டான். அவனை நிறுத்த என்ன சொல்வாள்? ஐம்பத்திரண்டு வயதில், என் பெயர் ஒரு தடவை வரட்டும் என்றா? வாயை மூடிக்கொண்டாள். அப்பாவின் உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன, பிரியவில்லை. விரல் மட்டும் அவள் மணிக்கட்டில் ஒரு முறை தட்டியது. அதன்பின் மார்பு எழவில்லை.

மறுநாள் காலை குபாத் குழிக்குள் இறங்கி, இறந்தவருக்கு ஈமானை நினைவூட்டும் வழக்கப்படி மௌலவி ஓத ஓத அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "கேள், விளங்கிக்கொள், நுஸ்ரத்துல்லா..." இமாம்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்தன. பன்னிரண்டு பேர்தானே, பாபாவுக்கு இதெல்லாம் ஒரு பாடமா என்று தோன்றி, பெண்கள் நடுவே நின்ற ஆஸர்மிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வந்தது அழுகை. முனீர் கானூம் அவளை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கிளம்பியது. குபாத் ஒரு தட்டில் மிச்சமிருந்த அல்வாவோடு அவளிடம் வந்தான்.

"நேத்து கத்திட்டேன்க்கா. மனசுல வச்சுக்காத."

"போரானுக்கு அடுத்து யாரு, தெரியுமா உனக்கு?"

"எனக்கு எங்கக்கா தெரியும்? என் பேரு ரெண்டாந்தடவை வந்ததும் தூங்கிடுவேன்" என்றான். சிரிக்க முயன்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "யாரு?"

"ஒண்ணுமில்ல. அல்வாவைச் சாப்பிடு. வண்டிய எடு, வர்றேன்."

அவன் போனதும், பாத்திஹா ஓதும்போது வழக்கப்படி புதைகுழிமேல் தட்டிவிட்டு வந்தவர்கள் போட்ட கூழாங்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பன்னீர் தெளித்த மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"அர்தெஷீர்" என்று தட்டினாள். "ஷஹ்ர்பராஸ். போரான்."

கல்லைக் கீழே வைத்தாள். கறுப்புச் சட்டையின் கையை மேலே இழுத்துவிட்டு, மணிக்கட்டை மண்ணின்மேல் வைத்தாள். குபாத் இரண்டு தரம் ஹார்ன் அடித்தான். அவள் கையை எடுக்கவில்லை.