நன்றிப் பெட்டியில் விழுந்த சீட்டு

எங்கள் சபை வாசலில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று ஜெப விண்ணப்பச் சீட்டுக்கு, மற்றது நன்றிச் சீட்டுக்கு. விண்ணப்பப் பெட்டி எப்போதும் யானை வயிறு மாதிரி உப்பியிருக்கும். நன்றிப் பெட்டியில் ஒரு சிலந்தி மூன்று தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறது. கேட்ட காரியம் நடந்த பிறகுதான் நன்றிச் சீட்டு போடுவது வழக்கம். நடந்ததும் பாதிப் பேருக்கு மறந்துபோகும்.

எங்கள் ஒரே மகன் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் வேலை பார்த்த வெளிநாட்டு ஊரில் போர் மூண்டு பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவனிடமிருந்து ஃபோனே இல்லை. நான் நாற்பது வருஷம் தீயணைப்பு வண்டி ஓட்டியவன். என் வண்டி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தே பாதி நெருப்பு பயந்து அணைந்துவிடும். அப்படிப்பட்டவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவன் எண்ணை நாளுக்கு நானூறு தடவை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் நன்றிச் சீட்டுகளை எடுத்தார். மொத்தமே இரண்டு. முதலாவது யாருக்கோ மூட்டுவலி போனதற்கு. இரண்டாவது எங்களுடையது. “மகனுக்காக ஆண்டவருக்கு நன்றி” என்று வாசித்தார். சபை போட்ட அல்லேலூயாவில் கூரை ஒரு முழம் எழும்பி, மனசே இல்லாமல் திரும்ப உட்கார்ந்தது. நான் மனைவியின் முழங்கையைப் பிடித்தேன்.

“பேசினானா?”

“இல்லைங்க.”

“அப்புறம் ஏம்மா?”

“பத்து நாளா கேட்டாச்சுங்க. நன்றியே சொல்லலையேன்னு தோணுச்சு.”

ஆராதனை முடிந்ததும் என்னைக் கட்டிப்பிடிக்க வரிசை நின்றது. என் விலா எலும்பில் ஏழாவது உடைந்திருக்கும் என்று இன்றைக்கும் சந்தேகம். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முகத்திலும் என் மகன் பிழைத்திருந்தான். அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் வீடு நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவை நாங்கள் ஒலிபெருக்கி என்போம். அவள் ரகசியம் சொன்னால் மூன்று தெரு தாண்டிப் பதில் வரும். அவள் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு கேக்கோடு வந்தாள். என் மச்சினன் தையல்காரன். வரப்போகிறவனுக்குக் கோட்டு தைத்தே தீருவேன் என்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மகன் என்ன பேசினான் என்று அக்கா கேட்டாள். லைன் சரியாக இல்லை என்று முனகினேன்.

மனைவி சமையலறையிலிருந்து வந்து நடுவில் நின்றாள். மகன் இன்னும் பேசவே இல்லை என்று எல்லாரிடமும் சொன்னாள். கத்தி கேக்கில் பாதி இறங்கியபடியே நின்றது.

“அப்ப எதுக்குத்தாம்மா நன்றி?” ஒலிபெருக்கியின் குரல் அவள் வீட்டுக்கே கேட்டிருக்காது.

“அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியலக்கா. யாரு கையில இருக்கான்னு தெரியும். அதுக்குத்தான்.”

அப்போதுதான் ஃபோன் அடித்தது. மச்சினன் துள்ளி எழுந்து அதை என் கையில் திணித்தான். “அவன்தான் அத்தான், எடுங்க.”

பேசியது ஒரு பெண். அவனோடு வேலை பார்த்த நர்ஸ். அந்த ஊரைவிட்டு அன்று காலைதான் வெளியே வந்திருக்கிறாள். குண்டு விழ ஆரம்பித்ததும் அவன் நடக்க முடியாத நோயாளிகளை ஒவ்வொருவராக முதுகில் தூக்கி அடித்தளத்தில் சேர்த்தானாம். ஆறு பேரை இறக்கிவிட்டு ஏழாவது ஆளுக்காக மேலே போனானாம். அதற்கு அப்புறம் அந்த மாடி இல்லை. புதன்கிழமையே அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

மனைவி என் முகத்தைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா கேக்கை எங்கே மறைப்பது என்று தெரியாமல், அதைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். சத்தமே இல்லாமல் அழுதாள்.

“நன்றி சொன்னதுக்கு நல்லா செஞ்சுட்டாரு உங்க ஆண்டவர்” என்றான் மச்சினன். மனைவி அவனைக் கோபிக்கவில்லை. கையை நீட்டி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“என்னால இன்னைக்கு முடியலங்க. நீங்க ஜெபம் பண்ணுங்க.”

எங்கள் வீட்டில் ஜெபம் அவள் வேலை. உரக்க ஆமென் சொல்வது என் வேலை. முட்டி போட்டேன்.

“ஆண்டவரே, உம்மேல எனக்கு ரொம்பக் கோபம். ஆனா உம்மை விட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்ல. பிள்ளை உம்மகிட்ட வந்துட்டான், பாத்துக்கும். இவளையும் என்னையும் விட்டுடாதேயும்.”

அவ்வளவுதான் வந்தது. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை, அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் என் சட்டைத் துணியைப் பற்களுக்கிடையே கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியை விட்டாள். ஆமென் சொன்னாள்.