பத்திலிருந்து ஒரு மணி வரை

கல்யாணமான இரண்டு வருடமும் நானும் என் மனைவியும் ஒரே படுக்கையில்தான் படுத்தோம். ஒரே நேரத்தில் படுத்ததுதான் குறைவு.

முப்பத்தோரு அடிப் பாய்மரப் படகில் குடித்தனம் நடத்தினால் அப்படித்தான். கரையை விட்டுக் கிளம்பிவிட்டால் இரவும் பகலும் யாராவது ஒருவர் மேலே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் அவள், மூன்று மணி நேரம் நான். கீழே இருக்கும் படுக்கைகளில் ஒன்றில் மட்டும்தான் உருண்டு விழாமல் தூங்க முடியும். அவள் எழுந்து போன சூட்டில் நான் படுப்பேன். நான் எழுந்த சூட்டில் அவள். முறை மாறும் அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. அதற்குள் ஒரு கப் தேநீரைப் பாதிப் பாதியாகக் குடித்து, ஒரு சண்டை போட்டு, முடிந்தால் சமாதானமும் ஆகிவிட வேண்டும். முடியாவிட்டால் சண்டை மூன்று மணி நேரத்துக்கு ஒத்திவைக்கப்படும்.

இதற்காக இரண்டு பேரும் வேலையை விட்டிருந்தோம். அவள் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் வேலை செய்கிறார்களா என்று பார்க்கும் வேலையில் இருந்தேன்.

"கல்யாணம் ஆனா எல்லாரும் வீடு பாப்பாங்க மாப்பிள்ளை. நீங்க மிதக்குற குளியலறை பாத்திருக்கீங்க," என்றார் மாமனார். பாவம், அவர் படகைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் குளியலறை என்று அவ்வளவு உயர்வாகச் சொல்லியிருக்க மாட்டார்.

கழிவறைக்குப் பன்னிரண்டு தரம் கைப்பம்பு அடிக்க வேண்டும். பதினொன்றோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு முறை ஆராய்ச்சி செய்தேன். முடிவுகள் என் சட்டையில் வெளியாயின. நல்ல தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். போர்வை, புத்தகம், புருவம் எல்லாவற்றிலும் உப்பு. ஆனால் காற்று சரியாகப் பிடித்ததும் இன்ஜினை அணைப்போமே, அந்த நொடி ஒன்று உண்டு. சத்தமெல்லாம் செத்துப்போய், தண்ணீர் படகின் வயிற்றைத் தடவிக்கொண்டு போகும் ஓசை மட்டும் மிஞ்சும். அப்போது அவள் என் முட்டியில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்த ஒரு தட்டுக்காக நான் பம்பை எத்தனை தரம் வேண்டுமானாலும் அடிப்பேன்.

சுக்கானை ஒரு கருவி தானே பிடித்துக்கொள்ளும். மேலே இருப்பவர் கண்ணயர்ந்துவிடக் கூடாதென்று ஒரு சமையலறை டைமர் வைத்திருந்தோம். கால் மணிக்கு ஒரு முறை கத்தும். கத்தியதும் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்க்க வேண்டும். கடலின் விளிம்பில் ஒரு கப்பல் தலை காட்டினால், அது நம்மேல் ஏற ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் பிடிக்கும். மணிக்கு ஒரு தரம் காற்று என்ன, திசை என்ன, கப்பல் தெரிந்ததா என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

நாங்கள் போனதிலேயே நீண்ட பயணம் அது. ஒன்பதாம் நாள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் காற்று எங்களைத் துவைத்துக் காயப்போட்டிருந்தது. கிழிந்த பாயை ஆடுகிற படகில் உட்கார்ந்து தைத்தவள் அவள்தான். நான் நூலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். காலை பத்து மணிக்கு என் முறை வந்தது. அவள் கீழே போய் விழுந்தாள். பத்தேகாலுக்கு டைமர் கத்தியது. இப்போதுதானே கண்ணை மூடியிருப்பாள் என்று மனசு கேட்கவில்லை. டைமரை அணைத்தேன். வெயில் அடிக்கிறது, எனக்குக் கண் இருக்கிறது, டைமர் எதற்கு?

விழித்தபோது ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

கடல் காலி. படகு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழே அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். குறிப்பேட்டை எடுத்து பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என மூன்று வரியையும் ஒரே மூச்சில் எழுதினேன். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று பன்னிரண்டு மணிக் காற்றைக் கொஞ்சம் கூட்டினேன். பதினொரு மணிக்கு வேறு பேனா. இவ்வளவு மூளையை நான் அலுவலகத்தில்கூடச் செலவழித்ததில்லை.

அவள் மேலே வந்தாள். "கப்பல் ஏதாவது?"

"காக்கா கூட இல்ல."

நடுக்கடலில் காக்கா. என் நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தேநீரை நீட்டினாள். முழுக் கப்.

அதற்கப்புறம் நான் கீழே போகும்போதெல்லாம் தலையணை சில்லென்று இருந்தது. முதலில் காற்றோட்டம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள்தான் புரிந்தது, அதில் யாரும் தலை வைக்கவே இல்லை. என் முறையில் அவள் கீழே சும்மா உட்கார்ந்திருந்தாள். கேட்டால், "தூக்கம் வரல, நீ பாரு," என்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. ஐந்து நாள் கழித்துக் கரை சேர்ந்தோம். துறைமுகத்தில் நாலு கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய படகிலும் அவள் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் துறைமுகத்துச் சலவை அறையில், இயந்திரத்துக்குள் எங்கள் போர்வை சுற்றுவதைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"ஒன்பதாம் நாள் காலையில ஒரு கப்பல் போச்சு," என்றாள்.

"எங்க?"

"நமக்குப் பக்கத்துல. மேல ஒருத்தன் துண்டு காயப்போட்டுட்டு இருந்தான். என்ன கலர் துண்டுன்னு சொல்லட்டுமா?"

போர்வை ஒரு சுற்றுச் சுற்றியது.

"நான்தான் சுக்கானத் திருப்புனேன். நீ வாயைத் திறந்துட்டுத் தூங்கிட்டு இருந்த."

"எழுப்பியிருக்கலாம்ல?"

"தோள்ல கை வச்சேன். அப்புறம் பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன். ஒரு மணி வரைக்கும் படியில உக்காந்து நான்தான் பாத்தேன். நீ அசையறது தெரிஞ்சதும் போய்ப் படுத்துக்கிட்டேன். எந்திரிச்சதும் நீயே சொல்லுவ, 'அய்யோ தூங்கிட்டேன்டி'ன்னு, நல்லா நாலு திட்டு திட்டலாம்னு ரெடியா இருந்தேன்." கொஞ்சம் சிரித்தாள். "நீ எழுதுற சத்தம் கேட்டுச்சு. பேனா மாத்துனது வரைக்கும்."

"டைமர் கத்துனா நீ முழிச்சிருவேன்னுதான் அணைச்சேன். உனக்காகத்தான்டி. சத்தியமா."

"தெரியும்டா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் தூங்குவேன். அது கத்தும், நீ எந்திரிச்சு நிக்கிற கால் சத்தம் என் தலைக்கு மேல கேக்கும். அது தூக்கத்துலயே தெரியும் எனக்கு. அன்னைக்கு ரெண்டு தரம் கேக்கல. முழிச்சிட்டேன்."

"இனிமே தூங்க மாட்டேன்."

"தூங்குனது ஒண்ணுமே இல்ல. நானும்தான் தூங்கியிருப்பேன். காக்கா கூட இல்லன்னு சொன்ன பாரு, அதுதான்."

இயந்திரம் நின்று மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு தரம் படகில் போய்ப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். பக்கத்து விரிகுடாவுக்கு எட்டு மணி நேரம்; விடிந்து கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம். அவளும் வந்தாள். டைமரை ஐந்து நிமிடத்துக்கு வைத்தேன். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கேட்கட்டும் என்று யானை மாதிரி மிதித்தேன். கடலில் மிதந்த பிளாஸ்டிக் டப்பாவைக்கூட நேரத்தோடு குறித்தேன். மூன்றாவது மணி நேரத்தில் கீழே எட்டிப் பார்த்தால், கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"நம்பணும்னுதான் படுக்கறேன்," என்றாள். அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "மனசு சரின்னு சொல்லுது. கண்ணு மூட மாட்டேங்குது. நான் என்னடா பண்ணட்டும்?"

கண்ணோடு நான் என்ன வாதாட முடியும்? படகைத் திருப்பினேன்.

"படகை வித்துடலாம். ரெண்டு பேரும் கரைக்கே போயிடலாம்," என்றேன் வழியில்.

"கட்டிப்போட்ட படகுலயே தூக்கம் வரலையே. நீ பக்கத்துல இருந்தா காது உன்னையேதான் கேட்டுட்டு இருக்கு. கொஞ்ச நாள் தனியா தூங்கிப் பாக்கறேன்."

"அப்புறம்?"

"தெரியல. தெரிஞ்சா இப்பவே சொல்லிட மாட்டேனா?"

அறையை அவளே பார்த்தாள். ஒரு நகல் எடுக்கும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சாத்தாத ஜன்னல். தெரு முனையில் இருந்த பல் மருத்துவமனையில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பெட்டியையும் நான் தூக்கிக்கொண்டு வந்தேன். படகில் அவளுக்கு இருந்ததே அவ்வளவுதான்.

"கட்டில் ஆடுதான்னு பாக்கறேன்," என்று செருப்போடு சாய்ந்தாள். "அந்த நீலப் பெட்டியில என்னோட..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

நடுப்பகல். கீழே இயந்திரம் சரக் சரக்கென்று தாள் தள்ளிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு லாரி பின்னால் போகும் சத்தம் போட்டது. எதிர்வீட்டில் யாரோ யாரையோ சோம்பேறி என்று திட்டினார்கள். அவள் அசையவில்லை. கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை நாள் தூக்கத்தையும் ஒரே மூச்சில் தூங்குகிறாள். செருப்பைக் கழற்றலாமா என்று குனிந்தேன். என் கை பட்டு விழித்துவிட்டால்? நாற்காலிக்கே திரும்பினேன். வேலை முடிந்துவிட்டது, போகலாம். போகவில்லை.

நாலு மணி சுமாருக்கு வீட்டுக்காரம்மா ஒரு படிவத்தோடு வந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார்.

"தம்பி, எத்தனை பேரு தங்கப் போறீங்க? எழுதிக்கணும்."

கட்டிலைப் பார்த்தேன். இரண்டு என்றால் இரண்டு என்று எழுதிக்கொண்டு போகப் போகிறார்.

"ஒருத்தர்தாம்மா."

"ஒருத்தரா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க யாரு?"

"பெட்டி தூக்கிட்டு வந்தேன்," என்றேன். "கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா. தூங்குறாங்க."