ஆளுக்கு மேலாலை ஒரு பழம்

“அக்கா, ஆளுக்கு மேலாலை பாய்ஞ்சால் அது பழமோ?”

தலைமயிரெல்லாம் மண்ணாக வந்து நின்று இராசமலரைக் கேட்டான் தம்பி பிரசாந்தன். கிளித்தட்டு விளையாட்டை அவள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. கோடுகளில் மறித்து நிற்பவர்களின் அடி படாமல் எல்லாக் கோட்டையும் கடந்து திரும்பினால் பழம் என்பது மட்டும் தெரியும். தம்பிக்குப் பத்து வயது. பார்க்கிறவர்கள் ஆறு என்பார்கள். கோட்டில் மறித்து நின்ற தம்பி, ஓடி வந்த றெஜியின் காலில் அடிக்கக் குனிந்திருக்கிறான். முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து அக்கராயனுக்கு வந்த நெட்டை நெடுவல் றெஜி. குனிந்தவனின் தலைக்கு மேலாலேயே பாய்ந்து போய்விட்டான்.

“மத்தியஸ்தம் பாக்கிற ஏரம்பு அண்ணை என்ன சொன்னவர்?”

“அடிச்சனியோடா எண்டு கேட்டார். எட்டேல்லை எண்டன். அப்ப பழம்தானாம். கோட்டைக் கடக்கிறதுதான் விளையாட்டாம், ஆளைக் கடக்கக்கூடாதெண்டு சட்டமில்லையாம். நிமிர்ந்து நிண்டாலும் பாய்வன் கட்டையா எண்டு றெஜி சிரிக்கிறான்.”

குசினிக்குள் தாய் வடிவம்மாவின் அகப்பை நின்றது. “சட்டம் கிடக்கட்டும். மேலாலை ஆள் கடந்த பிள்ளை வளராது. கடந்தவனே திரும்பிக் கடந்தால்தான் வளரும். உள்ளதே ஒரு சாண்!”

ஆண்பிள்ளைகளோடு வாய் திறவாத இராசமலர் மறுநாள் கிணற்றடியில் றெஜியை மறித்தாள்.

“தம்பியை ஒருக்காத் திரும்பிக் கடந்து விடடா.”

“இப்ப கடந்தா என்ரை பழம் பிழையெண்டு ஆகிடும் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியட்டும். எத்தினைதரமும் கடக்கிறன்.”

ஞாயிறு பின்னேரம் றெஜியின் பக்கம்தான் வென்றது. பிரசாந்தன் கோட்டுக்குக் குறுக்கே நீட்டி நிமிர்ந்து படுத்து, “வாடா, கட!” என்று கத்தினான். றெஜி சிரித்துக்கொண்டு வந்தான். வந்து சேருமுன் வானத்தில் செல் குண்டு கூவியது. எல்லாரும் குப்புற விழுந்தார்கள்.

புழுதி அடங்க ஒவ்வொருவராக எழும்பினார்கள். பிரசாந்தன் படுத்தபடியே கிடந்தான். றெஜிக்காகத்தான் கிடக்கிறான் என்று நினைத்து, “எழும்படா, பிறகு கடக்கலாம்” என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள் இராசமலர்.

குழி வெட்டிய ஏரம்பு அண்ணை மண்வெட்டிப் பிடியால் நீளத்தை அளந்தார். “இவனுக்கு இவ்வளவு காணும்” என்றார்.

அடுத்த நாள் காலை குழிமேட்டில் தெளிக்க இராசமலர் செம்பில் பாலோடு போனபோது றெஜி அங்கே நின்றான். செருப்பைக் கழற்றி வைத்திருந்தான். அன்றைக்கு எந்தப் பக்கத்தால் பாய்ந்தோம் என்று தெரியாதவன்போல மண்மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு கால்மாட்டுப் பக்கம் நின்று, மண்ணில் படாமல் மெதுவாகக் காலைத் தூக்கி வைத்துக் கடந்தான்.

நிமிர்ந்தபோது இராசமலரைக் கண்டான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.